கொல்லி மழவனின் மகள்: வலிப்பும் பெண்களும் மாத்திரைகளும்

திருச்சிக்கு அருகே, கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள திருவாசிக்குத் தேவாரத்தில் திருப்பாச்சிலாச்சிராமம் என்று பெயர். 7-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியை ஆண்ட கொல்லி மழவனின் மகளை முயலகன் என்னும் நோய் பிடித்தது. எவ்வளவோ மருத்துவம் பார்த்தும் தீரவில்லை. தந்தை அவளைத் தூக்கி வந்து கோயிலில் இறைவன் முன்னால் கிடத்தினான். அந்த வழியாக வந்த திருஞானசம்பந்தர் அவளைப் பார்த்துப் பதிகம் பாடினார். நோய் நீங்கி அவள் எழுந்தாள். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதைச் சொல்கிறார். தந்தையின் பெயர் இருக்கிறது. ஊரின் பெயரும் நோயின் பெயரும் இருக்கின்றன. அவள் பெயர் இல்லை. வலிப்பு நோய் வந்த பெண்ணைப் பற்றித் தமிழில் இருக்கும் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இது. அதில் அவள் யாருடைய மகள் என்பது மட்டுமே தெரிகிறது.

முயலகன் என்றதும் இன்று நடராசர் காலடியில் கிடக்கும் குள்ள உருவம் நினைவுக்கு வரும். வடமொழியில் அந்த உருவத்துக்கு அபஸ்மாரம் என்று பெயர். நினைவு அழிதல் என்பது அந்தச் சொல்லின் பொருள். சரக சம்ஹிதை முதலான ஆயுர்வேத நூல்கள் வலிப்பு நோயை அதே சொல்லால்தான் குறிக்கின்றன. தமிழ் அகராதியிலும் முயலகன் என்ற சொல்லுக்கு அந்த உருவமும் பொருள், நோயும் பொருள். திருவாசியில் மட்டும் நடராசர் முயலகனை மிதிக்காமல் பாம்பின் மேல் ஆடுகிறார். அந்தப் பெண்ணின் கதையோடு சேர்த்துத்தான் அதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

வகுப்பில் இந்தப் பதிகத்தைப் பாடம் சொல்லும்போது ஒன்றை மாணவிகளிடம் கவனிக்கச் சொல்வேன். சம்பந்தர் திரும்பத் திரும்ப இறைவனைத்தான் கேள்வி கேட்கிறார். இந்தப் பெண்ணை இப்படி வாட வைப்பது உமக்குப் பெருமையா என்பதுதான் கேள்வி. அவள் என்ன பாவம் செய்தாள், எந்த முனையில் எதை மிதித்தாள், தலைக்குக் குளித்துவிட்டு எந்தப் புளியமரத்தடியில் நின்றாள் என்றெல்லாம் கேட்கவில்லை. நோய்க்கான பழியை நோயாளியின் மேல் போடாத ஓர் இலக்கியச் சான்று நம்மிடம் 1300 ஆண்டுகளாக இருக்கிறது. நடைமுறையில் நாம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

நான் கண்டமங்கலம் பக்கத்துக்காரி. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும் ஊர்கள் எங்களுடையவை. எங்கள் பக்கம் இதைக் காக்கா வலிப்பு என்பார்கள். பேருந்து நிறுத்தத்தில் யாராவது விழுந்து கைகால் வெட்டி இழுத்தால் நாலு பேர் சாவிக்கொத்தோடு ஓடி வருவார்கள். இரும்பைக் கையில் கொடுத்தால் நின்றுவிடும் என்பது நம்பிக்கை. பெரும்பாலான வலிப்பு ஓரிரண்டு நிமிடத்தில் தானாகவே நிற்கும். அந்த நேரத்தில் கையில் இருந்த சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. விழுந்தது ஆணாக இருந்தால் ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ கூட்டிப்போகச் சொல்வார்கள். வயதுக்கு வந்த பெண்ணாக இருந்தால் முதலில் மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகச் சொல்லும் குரல்கள்தான் அதிகம். அடுத்த கேள்வி, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா என்பது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாறு. வலிப்புக்கான மருந்துகளின் வரலாற்றைப் படித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் பெண்ணின் உடல் இருக்கிறது. அந்த உடலுக்குரியவளிடம் யார் எதைச் சொன்னார்கள் என்று பார்த்தால் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன.

கருப்பையைச் சுட்டிய விரல்

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவத்தில் பெண்ணுக்கு வரும் வலிப்பு பாலுணர்ச்சியோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. லண்டனில் ஐசக் பேக்கர் பிரவுன் என்ற அறுவை மருத்துவர் வலிப்பு, ஹிஸ்டீரியா, சித்தக் கலக்கம் ஆகியவற்றுக்குச் சுய இன்பமே காரணம் என்று நம்பிப் பெண்களின் மன்மத பீடத்தை வெட்டி எடுத்தார். 1866-இல் அதைப் பெருமையாகப் புத்தகமாகவும் வெளியிட்டார். 1867-இல் லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கம் அவரை வெளியேற்றியது. ஏதோ நியாயம் கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். கணவருக்கும் குடும்பத்துக்கும் சொல்லாமல் செய்தார் என்பதும் அவர் மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

வலிப்புக்கு உண்மையிலேயே வேலை செய்த முதல் மருந்தும் இதே நம்பிக்கையிலிருந்து வந்ததுதான். 1857 மே மாதம் லண்டனில் ராயல் மருத்துவ, அறுவை மருத்துவச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. எட்வர்டு சீவ்கிங் வலிப்பு நோய் பற்றிக் கட்டுரை படித்தார். விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்த சார்லஸ் லோக்காக் எழுந்து தன் அனுபவத்தைச் சொன்னார். மாதவிலக்கை ஒட்டி வலிப்பு வந்த 14, 15 பெண்களுக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்ததாகவும், ஒருவரைத் தவிர எல்லோருக்கும் பலன் கிடைத்ததாகவும் சொன்னார். அந்த உப்பு ஆண்மையைத் தற்காலிகமாகக் குறைக்கிறது என்று எங்கோ படித்திருந்தார். காமத்தை அடக்கும் பொருள் வலிப்பையும் அடக்கும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு தப்பு, விடை சரி. மூளையின் பரபரப்பை மட்டுப்படுத்தும் தன்மை புரோமைடுக்கு இருந்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் உலகம் முழுவதும் வலிப்புக்குப் புரோமைடுதான் மருந்து. தோலில் கொப்புளம், ஓயாத தூக்கம், மந்த புத்தி ஆகியவையும் அதோடு வந்தன. அந்தப் பதினைந்து பெண்களின் உடலில்தான் வலிப்பு மருத்துவத்தின் நவீன காலம் தொடங்குகிறது. அவர்களின் பெயர்களும் நமக்குத் தெரியாது.

லோக்காக் பார்த்த ஒன்று மட்டும் மெய். மாதவிலக்கையொட்டி வலிப்பு அதிகமாகும் பெண்கள் உண்டு. காரணம் காமம் அல்ல. ஈஸ்ட்ரோஜன் மூளை நரம்புகளைத் தூண்டும், புரோஜெஸ்டிரான் அமைதிப்படுத்தும். மாதவிலக்குக்கு முன்னால் புரோஜெஸ்டிரான் சட்டென்று குறையும்போது சிலருக்கு வலிப்பு கிளம்புகிறது. வலிப்பு வந்த தேதியையும் விலக்கான தேதியையும் சேர்த்துக் குறித்து வைத்தால் இது தெரிந்துவிடும்.

1912-இல் ஜெர்மனியில் ஆல்பிரெட் ஹாப்ட்மன் தூக்க மருந்தாக விற்ற பினோபார்பிட்டால் வலிப்பைக் குறைப்பதைக் கண்டார். 1938-இல் அமெரிக்காவில் மெரிட்டும் புட்னமும் பெனிட்டாயினைக் கொண்டுவந்தார்கள். மயக்கம் தராமல் வலிப்பை மட்டும் நிறுத்திய மருந்து என்று அது கொண்டாடப்பட்டது. ஈறு தடித்து வளர்வதும், முகத்தில் முடி வளர்வதும், முக அமைப்பு முரடாவதும் அதன் பக்கவிளைவுகள். 16 வயதுப் பெண்ணுக்கு அவை என்னவாக இருக்கும் என்பதை மருந்துச் சீட்டு சொல்லாது. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்ட பெண்ணை நாம் ‘அலட்சியக்காரி’ என்போம்.

நம் மாநிலத்துக்கும் இந்த வரலாற்றில் நல்ல இடம் உண்டு. மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை சிகிச்சை 1952-இல் அங்கேதான் நடந்தது. வேலூரில் மருத்துவத் திறமை அப்படி வளர்ந்துகொண்டிருந்தபோது, டெல்லியில் சட்டம் வேறு திசையில் நடந்தது.

சட்டத்தில் நுழைந்த ஒரு சொல்

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, யார் திருமணம் செய்யலாம் என்று வரையறுக்கிறது. தொடக்கத்தில் அதில் வலிப்பு நோய் பற்றி ஒன்றும் இல்லை. 1976-இல் திருமணச் சட்டங்கள் திருத்தப்பட்டன. பெண்கள் பலர் வரவேற்ற திருத்தம் அது. கணவனும் மனைவியும் மனமொத்துப் பிரியலாம் என்ற வழி அப்போதுதான் வந்தது. அதே திருத்தத்தில், திரும்பத் திரும்பப் பைத்தியமோ வலிப்போ வந்தவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்ற வாசகமும் சேர்ந்துகொண்டது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அப்படியே சேர்த்தார்கள். தகுதியை மீறி நடந்த திருமணத்தைச் செல்லாததாக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

இது நம் ஊரில் முளைத்த சிந்தனை அல்ல. அமெரிக்காவில் வலிப்பு நோயாளிகள் திருமணம் செய்யத் தடை விதித்த மாநிலங்கள் பல இருந்தன. அங்கே ‘வலிப்பு நோயாளிகளுக்கும் மந்த புத்தியினருக்குமான காலனி’ என்ற பெயரிலேயே விர்ஜினியா மாநிலம் ஒரு விடுதி நடத்தியது. அங்கே அடைக்கப்பட்டிருந்த கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் நாஜிகள் 1933-இல் கொண்டுவந்த கருத்தடைச் சட்டப் பட்டியலில் பரம்பரை வலிப்பும் இருந்தது. பிரிட்டனில் வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்யும் சட்டம் 1970-களின் தொடக்கத்தில் போய்விட்டது. அவர்கள் கழற்றிப் போட்டதை, சில ஆண்டுகளுக்குள் நாம் எடுத்து மாட்டிக்கொண்டோம்.

சட்டம் ஆண் பெண் என்று பிரித்துப் பேசவில்லை. ஆனால் திருமணம் முறிந்தால் சீர்வரிசையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்புவது யார் என்று நமக்குத் தெரியும். அந்த ஆண்டுகளில் திருமணமான பெண்ணுக்கு வலிப்பு இருப்பது வெளியே தெரிந்தால் அது நோய்ச் செய்தி மட்டுமல்ல, வழக்குக்கான ஆவணம். மாத்திரை அட்டை ஒரு சாட்சி. இந்திய வலிப்பு நோய்ச் சங்கமும் மருத்துவர்களும் தொடர்ந்து போராடிய பிறகு, 1999-ஆம் ஆண்டின் 39-ஆவது சட்டம் இரண்டு சட்டங்களிலிருந்தும் ‘வலிப்பு’ என்ற சொல்லை நீக்கியது. 23 ஆண்டுகள் அது சட்டப் புத்தகத்தில் இருந்தது.

சொல் போனாலும் வழக்குகள் போகவில்லை. மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள், அது மோசடி என்றும், மனநோய் என்றும், வேறு வேறு பிரிவுகளின் கீழ் கணவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, வலிப்பு தீராத நோயும் அல்ல, மனநோயும் அல்ல, விவாகரத்துக்கு அது காரணமாகாது என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல் நீங்கி 24 ஆண்டுகளுக்குப் பிறகு.

தாய்மார்களிடம் சொல்லாதது

வால்ப்ரோயிக் அமிலம் 1882-இல் உருவாக்கப்பட்டது. 80 ஆண்டுகள் அது ஆய்வகங்களில் மற்றப் பொருட்களைக் கரைக்கும் திரவமாக மட்டும் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பியேர் எய்மார் என்ற ஆய்வு மாணவர், வேறு சில பொருட்களை அதில் கரைத்துச் சோதித்தபோது எல்லாமே வலிப்பைத் தடுத்தன. வேலை செய்தது கரைத்த பொருளல்ல, கரைக்கும் திரவம் என்று பிறகு புரிந்தது. 1967-இல் பிரான்சில் அது மருந்தாக வந்தது. பலவகை வலிப்புக்கும் கேட்கும் மருந்து, நம் ஊரில் விலையும் குறைவு. பின்னாளில் மனநோய்க்கும், ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்கும் அதையே கொடுத்தார்கள். கணக்கில்லாத உயிர்களைக் காத்த மருந்து என்பதில் சந்தேகமில்லை.

1982-இல் பிரான்சின் லியோன் நகரில் எலிசபெத் ராபர்ட் என்ற ஆய்வாளர், முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தைகளின் தாய்மார்கள் பலர் இந்த மருந்தை உட்கொண்டவர்கள் என்று கண்டார். இன்று நமக்குத் தெரிந்த கணக்கு இது. கருவுற்ற காலத்தில் வால்ப்ரோயேட் உட்கொண்ட தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு வரக்கூடும். பொதுவாக இது 2 அல்லது 3 தான். 30 முதல் 40 குழந்தைகளுக்குப் பேச்சு, படிப்பு, நடத்தை ஆகியவற்றில் வளர்ச்சித் தாமதம் இருக்கலாம். கிம்ஃபோர்டு மீடர் தலைமையில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வு, குழந்தைகளை 6 வயது வரை தொடர்ந்து பார்த்தது. வால்ப்ரோயேட் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சராசரி நுண்ணறிவு எண் 97. கார்பமாசெபின் குழந்தைகளுக்கு 105, லாமோட்ரிஜின் குழந்தைகளுக்கு 108. மருந்தின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது.

1982-க்கும், ஐரோப்பிய மருந்து முகமை கடுமையான கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்த 2018-க்கும் இடையில் 36 ஆண்டுகள். அத்தனை காலமும் ஆபத்து மருத்துவ இதழ்களில் இருந்தது. மாத்திரையை விழுங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. பிரிட்டனில் எம்மா மர்ஃபி, ஜேனட் வில்லியம்ஸ் என்ற இரு தாய்மாரும், பிரான்சில் மரின் மார்ட்டினும் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தாங்களே தேடிக் கண்டுபிடித்து அரசுகளின் கதவைத் தட்டினார்கள். அதன் விளைவாகப் பிரிட்டனில் கம்பர்லெஜ் அம்மையார் தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. 2020 ஜூலையில் வெளியான அதன் அறிக்கை, பெண்கள் சொன்னதை மருத்துவ அமைப்பு காதில் வாங்கவில்லை என்று எழுத்தில் பதிவு செய்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனமும், கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கு இந்த மருந்தைத் தவிர்க்கச் சொன்னது.

ஆய்விலும் இதே கதைதான். தாலிடோமைடு பேரழிவுக்குப் பிறகு, 1977-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கருவுறக்கூடிய பெண்களைத் தொடக்கக் கட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993-இல்தான் அது மாறியது. பாதுகாப்பு என்ற பெயரில் ஆய்விலிருந்து வெளியே நிறுத்திவிட்டு, மருந்து விற்பனைக்கு வந்ததும் அதே பெண்களுக்குக் கொடுத்தார்கள். சோதனைக்கூடத்தில் கேட்காத கேள்விக்கு வீட்டில், பிரசவ அறையில் விடை வந்தது.

சொற்களைத் தின்னும் மாத்திரை

வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் உள்ள உறவு பழையது. 1873-இல் எட்வர்டு லிவிங் தலைவலியை நரம்புப் புயல் என்றார். 1907-இல் வில்லியம் கவர்ஸ் வலிப்பின் எல்லை நிலங்கள் என்று எழுதிய நூலில் ஒற்றைத் தலைவலியும் இடம்பெற்றது. 1944-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடிஸ் லியாவோ, முயல் மூளையில் வலிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தபோது வேறொன்றைக் கண்டார். மூளையின் மேற்பரப்பில் மின்செயல் அடங்கிப்போகும் ஓர் அலை மெல்லப் பரவிச் சென்றது. தலைவலிக்கு முன்னால் சிலர் கண்ணில் தெரியும் வளைந்த ஒளிக்கோடுகளுக்கு அந்த அலையே காரணம் என்று இன்று கருதுகிறார்கள். நரம்பின் பரபரப்பைக் குறைக்கும் வலிப்பு மருந்து தலைவலியைத் தடுக்கவும் உதவுவது இதனால்தான்.

டோபிராமேட் 1979-இல் அமெரிக்காவில் உருவானது. சர்க்கரை நோய்க்கு மருந்து தேடியவர்கள், பழச்சர்க்கரையிலிருந்து செய்தார்கள். வலிப்புக்கு 1996-இலும், ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க 2004-இலும் அங்கே அனுமதி பெற்றது. பருவம் எய்திய பிறகு ஆண்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பெண்களுக்கு ஒற்றைத் தலைவலி வருகிறது. எனவே இந்த மாத்திரையைத் தலைவலிக்காக விழுங்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

நானும் விழுங்கியிருக்கிறேன். மாதத்தில் எட்டு நாள் இருட்டு அறையில் கிடந்த எனக்கு அது இரண்டாகக் குறைந்தது. நன்றியோடுதான் சொல்கிறேன். விரல் நுனிகள் மரத்து ஊசி குத்தின. கோலி சோடா சப்பென்று இருந்தது. காற்றின் சுருக்கென்ற சுவையை நாக்குக்குத் தரும் நொதியை இந்த மருந்து தடுக்கும் என்று பிறகு படித்தேன். இவை பரவாயில்லை. வகுப்பில் நின்றுகொண்டு ‘கொழுகொம்பு’ என்ற சொல் வராமல் கொடியும் மரமும் என்று கையை ஆட்டியது வேறு. பொருள் தெரிகிறது, சொல் எதிரே வரவில்லை. கவிதை எழுதுகிறவளுக்கு அது தலைவலியைவிடப் பெரிய வலி. மருத்துவரிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. தெரிந்த பக்கவிளைவு என்றார், அளவைக் குறைத்தார், பிறகு வேறு மருந்துக்கு மாற்றினார். சொற்கள் திரும்பி வந்தன. அமெரிக்க நோயாளிகள் இந்த மருந்தின் வணிகப் பெயரைத் திரித்து ‘டோப்பமாக்ஸ்’, அதாவது மந்தமாக்கி என்று கேலி செய்ததும் பிறகுதான் தெரிந்தது.

என்னால் அதைச் சொல்ல முடிந்தது. சொல்லைத் தொழிலாகக் கொண்டவள் சொல் போகிறது என்றால் கேட்பார்கள். கரும்பு வெட்டப் போகிற, சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இதே மாத்திரையால் பேச்சு தடுமாறினால், அவளுக்குப் பேசத் தெரியவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். பக்கவிளைவு அவளுடைய குணமாகிவிடும்.

டோபிராமேட்டும் கருவுக்கு நல்லதல்ல. உதட்டுப் பிளவு ஆபத்து முன்பே தெரியும். நார்டிக் நாடுகளின் பிறப்புப் பதிவேடுகளை வைத்து 2022-இல் வந்த ஆய்வு, குழந்தைகளின் மனவளர்ச்சியும் பாதிக்கப்படுவதைக் காட்டியது. 2023-இல் ஐரோப்பா கட்டுப்பாடு விதித்தது. தலைவலிக்காக இதை எடுக்கும் பெண்ணுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். அளவு அதிகமானால் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும். பெனிட்டாயின், பினோபார்பிட்டால், கார்பமாசெபின் ஆகியவையும் அப்படியே. கருத்தடை மாத்திரை போடுகிறோம் என்ற தைரியத்தில் இருப்பவளுக்குத் தன் வலிப்பு மாத்திரையே அதை முறித்துவிடும் என்று யார் சொல்வது? நரம்பியல் மருத்துவர் அது மகப்பேறு மருத்துவரின் வேலை என்று நினைக்கலாம். மகப்பேறு மருத்துவருக்கு, வலிப்பு மாத்திரை போடுவது மறைக்கப்பட்டிருக்கலாம்.

மறைப்பதன் விலை

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள், திருமணத்துக்கு முன்பே வலிப்பு இருந்த பெண்களிடம் கேட்டு 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் திருமணத்தின்போது நோயை மறைத்திருந்தார்கள். மறைத்தவர்களின் மண வாழ்க்கை சொன்னவர்களுடையதைவிட மோசமாகவே போயிருந்தது. இதைப் படித்துவிட்டுச் சொல்லிவிடுங்கள் என்று பெண்களுக்கு உபதேசம் செய்வது எளிது. சொன்னால் திருமணமே நடக்காது என்ற நிலையை அப்படியே வைத்துக்கொண்டு செய்யும் உபதேசம் அது.

மறைப்பவள் என்ன செய்வாள்? எங்கள் பக்கத்துப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். மாத்திரை அரிசிப் பானைக்குள் போகும், சத்து மாத்திரை டப்பாவுக்குள் போகும். மாமியார் பார்க்கும் நாளில் வேளை தவறும். புது மருமகள் விடியலில் எழ வேண்டும், நள்ளிரவில் படுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விரதம் இருக்க வேண்டும். தூக்கம் கெடுவதும், பட்டினி கிடப்பதும், மாத்திரை தவறுவதும் வலிப்பைக் கூப்பிடும் காரணங்கள். நல்ல மருமகளுக்கு நாம் எழுதி வைத்த இலக்கணமே அந்தப் பட்டியல். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பமாக இருப்பவள் நிச்சயமாகக் கூடாது. தாய்க்கு வரும் பெரிய வலிப்பு குழந்தைக்கும் ஆபத்து.

இன்னொரு கொடுமையும் உண்டு. நம் நாட்டில் பலருக்கு வலிப்பு வரக் காரணம் மூளையில் தங்கும் நாடாப்புழுவின் இளம்புழுப் பை. பன்றிக்கறி தின்னாதவர்களுக்கும் கழுவாத கீரை, அசுத்தமான தண்ணீர், கை வழியாக வரும். ஸ்கேனில் தெரிந்து சில மாதங்களில் மறைந்துபோன புள்ளிகளைக் காசநோய்க் கட்டி என்று நினைத்திருந்த காலத்தில், வேலூரில் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவை புழுவால் வந்தவை என்று நிறுவினார்கள். இந்த வகை வலிப்பு பலருக்குக் குணமாகிவிடுகிறது. மருத்துவர் சொல்லி மாத்திரையையும் நிறுத்திவிடலாம். மூளையில் புள்ளி மறைந்த பிறகும் ஊரில் ‘வலிப்புக்காரி’ என்ற பெயர் மறைவதில்லை.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 100-இல் 70 பேர் வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பெண்களுக்கு மருந்தோடு தகவலும் சேர்ந்து கிடைக்க வேண்டும். அது நடக்கக்கூடியது என்பதற்குப் பக்கத்து மாநிலமே சான்று. 1998-இல் சஞ்சீவ் தாமஸ் தலைமையில் திருவனந்தபுரத்தில் கேரள வலிப்பு, கர்ப்பப் பதிவேடு தொடங்கியது. வலிப்பு உள்ள பெண்களைக் கருவுறும் முன்போ தொடக்கத்திலோ பதிந்துகொண்டு, பிரசவம் வரையிலும் அதற்குப் பின் குழந்தை வளரும் வரையிலும் தொடர்கிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு, குழந்தை எப்படி என்று எல்லாமே கணக்கில் இருக்கிறது. பெரும்பாலான பெண்கள் நல்ல குழந்தைகளைப் பெறுகிறார்கள் என்பதும் அதில் தெரிந்த செய்தி. வலிப்பு இருந்தால் பிள்ளை பெறக் கூடாது என்று சொல்பவர்களுக்கு அந்தப் பதிவேட்டில் பதில் உண்டு.

நம் பக்கத்தில் அப்படி ஒன்று வரும் வரை ஒவ்வொருத்தியும் தனக்கென ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்து நோட்டு போதும். வலிப்போ தலைவலியோ வந்த தேதி, விலக்கான தேதி, மாத்திரையின் பெயர், அளவு, தவறிய வேளை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கேட்க வேண்டிய கேள்விகளையும் அதிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எனக்குப் பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிறது, இந்த மருந்து சரியா? இதைவிடப் பாதுகாப்பானது உண்டா? ஃபோலிக் அமிலம் எப்போதிலிருந்து எடுக்க வேண்டும்? கருத்தடை மாத்திரையோடு ஒத்துப்போகுமா? பேச்சு தடுமாறினால் யாரிடம் சொல்ல? கூட வந்த கணவனையோ மாமியாரையோ பார்த்துப் பதில் சொல்லும் மருத்துவரிடம், நோயாளி நான்தான் என்று சொல்லவும் தெரிய வேண்டும். கூடப் போகிற தோழிகள் அதைச் சொல்லப் பழக்க வேண்டும்.

பேருந்து நிறுத்தத்தில் யாராவது விழுந்தால் சாவியைத் தேடாதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கு அடியில் துணியை வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-க்கு அழையுங்கள். கண் விழித்ததும் யார் மகள், எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்காதீர்கள். முதலில் அவள் பெயரைக் கேளுங்கள்.